லூவான் கிரேபிலின் அணியும் சி பகுதி இருக்கைகளும்

நியூ ஷைலோ கல்லூரியில் ஒருவர் ஒரே ஒரு வேலை பார்க்கிறார் என்றால், அவர் போன வாரம்தான் சேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். லூவான் கிரேபில் அங்கே சேர்ந்து இருபது வருடம் ஆகப்போகிறது. உடற்பயிற்சி வகுப்பு அவளுடையது. மாணவிகள் விடுதியின் பொறுப்பும் அவளுடையது. கல்லூரிப் பேருந்தை ஓட்டுவது, நூலகக் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது, கல்லூரித் தலைவர் குடும்பத்தோடு வெளியூர் போனால் அவர் வீட்டுப் பூனைக்குச் சாப்பாடு போடுவது ஆகியவை எந்த உத்தரவும் இல்லாமல் தாமாக வந்து ஒட்டிக்கொண்டவை.

அதனால், கல்லூரித் தலைவர் டாக்டர் கார்ல்டன் விப்ஸ் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்ம கல்லூரிக்குப் பெண்கள் கூடைப்பந்து அணி வரப்போகுது" என்று அறிவித்தபோது, அங்கிருந்த தலைகள் எல்லாம் லூவான் பக்கம் திரும்பின. தங்கள் பக்கம் திரும்பாததில் அத்தனை முகங்களிலும் நிம்மதி.

விப்ஸ் அரிசோனாக்காரர். கல்லூரியில் வருடா வருடம் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால், அதை நிமிர்த்துவதற்காகக் கல்லூரியை நடத்தும் திருச்சபை அவரை இண்டியானாவுக்கு வரவழைத்திருந்தது. விளையாட்டு அணி இருந்தால் பிள்ளைகள் தாமாக வருவார்கள் என்று ஏதோ ஒரு மாநாட்டில் கேட்டுவிட்டு, திரும்பி வரும் விமானத்திலேயே முடிவெடுத்துவிட்டார்.

"பந்து இருக்கா, டாக்டர்?" என்று லூவான் கேட்டாள்.

"விசுவாசம் இருக்கு, லூவான்."

"அது தரையில தட்டினா மேல வராதே."

கூட்டம் சிரித்தது. விப்ஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். லூவான் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டது இப்படித்தான்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் இல்லாத படிக்கட்டில் நின்று ஒருமுறை கையை உயர்த்தி, இல்லாத பந்தை இல்லாத கூடைக்குள் எறிந்தாள். அவள் இதே ஊரில், வெல்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் பெண்களுக்கு அணி கிடையாது. ஆண்கள் ஆடும்போது பெண்கள் கூவி உற்சாகப்படுத்தலாம், இல்லாவிட்டால் பாப்கார்ன் விற்கலாம். லூவானுக்குக் கூவ வராது. நாலு வருடமும் பாப்கார்ன் விற்றாள். ஒரு கண் சில்லறை மீதும் ஒரு கண் ஆட்டத்தின் மீதும் இருந்ததால் சில்லறை பெரும்பாலும் தவறாகவே போயிற்று. அவள் படிப்பை முடித்த மறுவருடமே பள்ளியில் பெண்கள் அணி தொடங்கினார்கள். அவள் வெளியேறட்டும் என்று காத்திருந்ததுபோல.

ஆகவே இந்த அணி அவளுக்கு இன்னொரு வாளி அல்ல. இதை மட்டும் யாரும் அவளிடமிருந்து பிடுங்கிவிடக்கூடாது என்று அந்தப் படிக்கட்டிலேயே தீர்மானித்துக்கொண்டாள்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு எட்டுப் பெண்கள் வந்தார்கள். ஜோலின் மாக் என்ற குள்ளமான பெண் ஒருத்திக்குத்தான் உண்மையில் ஆடத் தெரியும். நல்ல உயரமாக இருந்தவள் இசைத்துறையில் பெரிய ஊதுகுழல் வாசிப்பவள். பந்து வந்தால் அதையும் அப்படியே மார்போடு கட்டிக்கொள்வாள். மாட்டுப்பண்ணையிலிருந்து அக்கா தங்கை இருவர் வந்தார்கள், கறவை முடிந்த பிறகே வருவோம் என்ற நிபந்தனையோடு. இன்னொருத்தி கைப்பந்து என்று நினைத்து வந்தவள். தவறு தெரிந்ததும் எழுந்து போவது மரியாதை இல்லை என்று, வருடம் முழுக்க ஆடினாள். வெல்டன்காரி, வேறு எப்படி இருப்பாள்?

கல்லூரிக்கு ஆட்டக்கூடம் இல்லை. பயிற்சி ஜெபக்கூடத்தின் நிலவறையில் நடந்தது. அதன் கூரை தாழ்ந்தது, கூரைக்குக் கீழே வெந்நீர்க் குழாய்கள். பந்தை உயர்த்தி எறிந்தால் குழாய் அதிரும். மேலே பியானோ வாசிக்கும் அம்மாள் காலால் தரையை உதைப்பார். ஆகவே நியூ ஷைலோ பெண்கள் பந்தைத் தட்டையாக, கல்லெறிவதுபோல எறியக் கற்றுக்கொண்டார்கள். இண்டியானாவில் அப்படி எறிபவர்கள் வேறு யாரும் இல்லை. எதிரணிகள் முதலில் அதை ஏதோ புதிய உத்தி என்று நினைத்துப் பயந்தன. அந்தப் பயம் ஒவ்வொரு ஆட்டத்திலும் சில நிமிடங்கள் நீடித்தது.

வெளியூர் போக, சபையின் முதியோர் ஐக்கியம் ஓட்டித் தேய்த்துக் கைவிட்ட பேருந்து கிடைத்தது. பக்கவாட்டில் இருந்த பெயரை அழிக்க வண்ணம் வாங்க வழியில்லை. ஓர் ஊரில் அவர்கள் போய் இறங்கியபோது, வாசலில் இரண்டு சக்கர நாற்காலிகளோடு காத்திருந்தார்கள்.

"ஆட்டம் முடியட்டும், திரும்பிப் போறப்ப தேவைப்படும்" என்றாள் ஜோலின். அன்று அது உண்மையாயிற்று. மிகவும் மோசமாகத் தோற்றார்கள்.

சொந்த ஊர் ஆட்டங்களுக்கு உயர்நிலைப் பள்ளி தன் கூடத்தைக் கொடுத்தது. சிக்கல் அங்கேதான்.

வெல்டனில் இருக்கும் மக்களைவிட அந்தக் கூடத்தில் இருக்கைகள் அதிகம். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு குடும்பம் உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து மருமகளுக்கு என்று இறங்கி வருபவை அவை. வக்கீலைக் கூப்பிட்டு உயில் எழுதும்போது நிலத்துக்கு முன்னால் இருக்கையைச் சொல்வார்கள். ஹோபர்ட் லீச் விவாகரத்து செய்தபோது, பக்கத்துப் பக்கத்து இருக்கைகளை ஆளுக்கு ஒன்றாக நீதிபதி பிரித்துக் கொடுத்தார். அவரும் முன்னாள் மனைவியும் வருடக்கணக்காக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பள்ளிப் பையன்களின் ஆட்டம் பார்க்கிறார்கள். ஆடுகளத்தின் மையத்துக்கு நேர் எதிரே இருக்கும் சி பகுதி, ஊரின் பழைய குடும்பங்களுடையது. அங்கே ஓர் இடம் காலியாக வேண்டுமென்றால் ஒரு சாவு விழ வேண்டும், விழுந்தாலும் காலியாகாது.

நியூ ஷைலோ ஆட்டங்களுக்கு "எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்" என்று விப்ஸ் அறிவித்தார். வெல்டன்காரர்களுக்கு அது, யார் வீட்டு வேலியையும் தாண்டலாம் என்று சொன்னதுபோல் கேட்டது. பெரும்பாலானோர் வரவில்லை. வந்த சிலரும் அவரவர் குடும்ப இருக்கைக்கே போனார்கள். வடக்கு மூலையில் ஒருவர், தெற்கு உச்சியில் ஒரு தம்பதி, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பலகை. பேசத் தோன்றினால் ஒருவருக்கொருவர் கை அசைத்துக்கொண்டார்கள்.

"இவங்க ஏன் சேர்ந்து உட்காரக் கூடாது?" என்று விப்ஸ் லூவானிடம் கேட்டார். "அவ்வளவு இடம் காலியா கிடக்கே."

"காலியா இல்ல, டாக்டர். அது மில்லர் வீட்டுது. அந்தப் பக்கம் ஷ்ராக் வீட்டுது."

"மில்லர் வந்திருக்காரா?"

"அவர் செத்து வருஷம் ஆகுது."

விப்ஸ் அந்தக் காலிப் பலகையை மறுபடி எட்டிப் பார்த்தார். அரிசோனாவில் மனிதர்கள் செத்தால் இருக்கையை விட்டு எழுந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

குளிர்காலத்தின் நடுவில் அந்தச் செய்தி வந்தது. சபை அறங்காவலர்கள், அவர்களுடைய தலைவர் ரெவரெண்ட் மெர்ல் டிட்மர் உட்பட, கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு நேரில் வருகிறார்கள். ஊருக்கு அணி மீது அக்கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் அணி கிடையாது. அந்தச் செலவில் வண்டி நிறுத்தும் இடத்துக்குத் தார் போடுவார்கள்.

"தாரா?" என்றாள் லூவான்.

"குழி நிறைய இருக்கே" என்றார் விப்ஸ் வருத்தத்தோடு. "கவலைப்படாதீங்க. நான் யோசனை வச்சிருக்கேன். சபையிலேர்ந்து ஒரு பேருந்து நிறைய விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வரேன். நடுவுல, நல்ல இடத்துல உட்கார வச்சா கூட்டம் மாதிரி தெரியும். சி பகுதியில தாள் ஒட்டச் சொல்லிட்டேன்."

லூவான் கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். சி பகுதியில் வரிசை வரிசையாக, "விருந்தினருக்கு" என்று அச்சிட்ட தாள்கள். தாளைக் கிழிக்க அவளுக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒருவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைப்பதென்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடியாது. அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். நேரே ஓபல் ஸ்டக்கியின் முடிதிருத்தும் கடைக்குப் போனாள். சி பகுதி நாலாவது வரிசை ஓபலுடையது.

"ஓபல், ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"கண்ணு, உன் முடியப் பார்த்தே நான் கோவிச்சுக்கல. சொல்லு."

"சனிக்கிழமை ஆட்டத்துக்கு வெளியூர்லேர்ந்து சபைப் பெரியவங்க வர்றாங்க. அவங்கள சி பகுதியில உட்கார வைக்கப் போறார் எங்க தலைவர்."

ஓபலின் கத்தரிக்கோல் நின்றது. "நாலாவது வரிசையிலயுமா?"

"அதுலயும்தான். ஒரு ராத்திரி மட்டும்."

"எங்கப்பாவுக்கு அந்த சீட்லதான் நெஞ்சுவலி வந்துச்சு. ஆட்டம் முடியிறவரைக்கும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னுட்டார்."

"தெரியும், ஓபல். அதான் முன்கூட்டியே மன்னிப்பு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மன்னிப்பு எதுக்கு? தாராளமா உட்காரட்டும்" என்றாள் ஓபல், பல் தெரியச் சிரித்து. "வெறும் மரப்பலகை. நமக்கென்ன வந்துச்சு?"

வெல்டனில் ஒருவர் இப்படிச் சிரித்தால் அடுத்தவர் வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். முடி உலர்த்தும் கூண்டுக்குள் இருந்த ஒரு பெண்மணி கூண்டை மேலே தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். "எங்க அஞ்சாவது வரிசையுமா?"

அன்று மாலைக்குள் ஊரில் தெரியாதவர் இல்லை.

சனிக்கிழமை, விருந்தினர் பேருந்து முன்னதாகவே வந்துவிட்டது. சபை மக்கள் தாள் ஒட்டிய இடங்களில் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். ரெவரெண்ட் டிட்மர் நாலாவது வரிசையில் ஓபலின் இருக்கையில் சாய்ந்து, பக்கத்து இருக்கையில் மேல்கோட்டைப் பரப்பினார். பிறகு கதவு திறந்தது.

பெண்களுக்குக் கடைசி வார்த்தை சொல்லிக்கொண்டிருந்த லூவான் நிமிர்ந்து பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். ஊர் வந்துகொண்டிருந்தது. மில்லர்கள், ஷ்ராக்குகள், ஹோபர்ட் லீச், அவருக்கு இரண்டடி பின்னால் அவருடைய முன்னாள் மனைவி. பள்ளிப் பையன்களின் ஆட்டத்துக்கு வருவதுபோல, கையில் உட்காரும் சிறு மெத்தையோடு வந்தார்கள்.

"கோச், இவங்க நமக்காகவா வர்றாங்க?" என்றாள் ஜோலின். அவள் குரலே மாறிவிட்டிருந்தது.

"காலைப் பார்த்து ஆடு" என்றாள் லூவான். அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லோரும் சி பகுதிக்குப் போனார்கள். அவரவர் இருக்கைக்குப் பக்கத்தில், நடைபாதையிலும் படிகளிலும் நின்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை. ஒருவரும் எழுந்திருங்கள் என்று கேட்கவும் இல்லை.

"அம்மா, இது உங்க இடமா?" என்று டிட்மர் ஓபலிடம் கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. நீங்க உட்காருங்க. எனக்கு நிக்கிறதுதான் பிடிக்கும்."

"நான் வேணா நகர்ந்து உட்கார்றேனே?"

"வேண்டாங்க. டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார்."

"ஆனா நிக்கிறீங்களே?"

"நடக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிப்பேன்."

டிட்மருக்குப் புரிந்துவிட்டது, அதாவது, புரிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். தங்கள் அணி முதல் கூடை போடும்வரை உட்காராமல் நிற்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. எவ்வளவு பக்தியுள்ள ஊர் என்று பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

நியூ ஷைலோவின் முதல் கூடை சீக்கிரம் வரவில்லை. ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த எதிரணி வரிசையாகப் போட்டுத் தள்ளியது. இசைத்துறைப் பெண் பந்தைக் கட்டிப்பிடித்தபடி எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனாள். ஊர் நின்றது. மாட்டுப்பண்ணை அக்கா தன் தங்கையிடம் பந்தை எறிய, தங்கை அப்போது காலணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஊர் நின்றது. கடைசியில் ஜோலின் எறிந்த தட்டையான பந்து பலகையில் மோதி, வளையத்தில் மோதி, வழி தெரியாமல் கூடைக்குள் விழுந்தது. இப்போது உட்கார்ந்துவிடுவார்கள் என்று டிட்மர் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் உட்காரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இடைவேளை வந்தது. விருந்தினர் எல்லாம் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் பாப்கார்னும் வாங்கப் போனார்கள். திரும்பி வந்தபோது சி பகுதி நிறைந்திருந்தது. ஓபல் நாலாவது வரிசையில், பக்கத்து இருக்கையில் கிடந்த கோட்டை அழகாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தாங்க உங்க கோட்டு. கீழ விழுந்துடப் போகுதேன்னு பார்த்துக்கிட்டேன். நீங்க உட்கார்றீங்களா? எழுந்திருக்கவா?" என்று கேட்டாள். எழுந்திருக்கும் எண்ணம் அவள் உடம்பின் எந்தப் பாகத்திலும் இல்லை.

டிட்மரும் சபையில் வளர்ந்தவர், ஒருவரை எழுப்ப அவருக்கும் வராது. "ஐயோ, வேண்டாம்மா. நீங்க அவ்வளவு நேரம் நின்னீங்க" என்றார். இரண்டாம் பாதி முழுக்க, கையில் சாண்ட்விச்சோடு நடைபாதையில் நின்றார். அவரோடு சபையே நின்றது.

இருக்கை கிடைத்துவிட்டதால் ஓபலுக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. முதலில் அலட்சியமாகப் பார்த்தாள். பிறகு முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள். ஜோலின் கூடைக்குக் கீழே புகுந்தபோது எதிரணிக்காரி ஒருத்தி முழங்கையால் அவள் தலையில் இடித்தாள். நடுவர் விசில் ஊதவில்லை.

"ஏய், கோடு போட்ட சட்டை!" ஓபலின் குரல் கூரை வரை போயிற்று. "அந்தத் தலைக்கு நான் முடி வெட்டுறேன்! அதுல வீக்கம் வந்தா எனக்குத் தெரியும்!"

"கண்ணை வீட்லயா விட்டுட்டு வந்தீர்?" என்று பக்கத்திலிருந்து இன்னொரு குரல். ரெவரெண்ட் டிட்மருடையது. அவரே அதிர்ச்சியடைந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அடுத்த தடவை இன்னும் சத்தமா, ரெவரெண்ட்" என்றாள் ஓபல். "அந்தாளுக்கு இடது காது கேட்காது."

ஹோபர்ட் லீச் தன் முன்னாள் மனைவியிடம் விவாகரத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய் திறந்தார். "ஃபவுல்தானே அது?" அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

நியூ ஷைலோ தோற்றது. வழக்கமாகத் தோற்பதைவிடக் கொஞ்சம் கௌரவமாகத் தோற்றது. சத்தம் அடங்க நேரமாயிற்று. ஆடுகளத்தின் நடுவில் ஜோலின் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, சி பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எதுவும் விளக்க வேண்டாம் என்று லூவான் முடிவு செய்தாள்.

டிட்மர் கீழே இறங்கி வந்து லூவானின் இரண்டு கைகளையும் பற்றினார். பின்னால் விப்ஸ், பல்லெல்லாம் தெரிய.

"முதல் பாதி முழுக்க நின்னாங்க! இவங்க எப்பவுமே இப்படித்தானா?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். லூவான் வாயைத் திறந்தாள், பொய் வரவில்லை.

"இல்லீங்க. இதுவரைக்கும் யாரும் வந்ததே இல்ல. நீங்க உட்கார்ந்தது அவங்க சீட்டு. அதைக் காப்பாத்தத்தான் வந்தாங்க. உங்கள எழுப்பக் கூச்சப்பட்டு நின்னாங்க."

விப்ஸ் அவள் காலை மிதித்தார். டிட்மர் அவளை உற்றுப் பார்த்தார். தார் போட்ட வண்டி நிறுத்தம் ஒன்று, புத்தம் புதிதாக, லூவானின் கண்முன் பளபளத்தது.

பிறகு டிட்மர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "பார்த்தீங்களா, விப்ஸ்? என்ன பணிவு! ஒரு பாராட்டை வாங்கிக்கத் தெரியலையே இந்தம்மாவுக்கு! பயிற்சியாளர்னா இப்படி இருக்கணும்."

"நான் நிஜமாத்தான் சொல்றேன், ரெவரெண்ட்."

"அதான் நானும் சொல்றேன்" என்று அவள் கையை இன்னும் ஒருமுறை குலுக்கினார். "தார் கிடக்கட்டும். அணி இருக்கும். அடுத்த வருஷம் அறங்காவலர் எல்லாரும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வர்றோம். அதே இடத்துலதான் உட்காருவோம். விப்ஸ், அந்தச் சி பகுதியை நமக்கே நிரந்தரமா வாங்கிடுங்க."

"இப்பவே ஏற்பாடு பண்றேன்" என்றார் விப்ஸ்.

லூவானுக்குச் சிரிப்பதா, தலையில் கை வைப்பதா என்று தெரியவில்லை. அணி பிழைத்துவிட்டது. இருபது வருடத்தில் அவளுக்கென்று கிடைத்த ஒன்று கையை விட்டுப் போகவில்லை. கூடவே, வெல்டன் ஊர் தன் சரித்திரத்தில் கண்டிராத ஒரு போருக்கு நாள் குறித்தாயிற்று.

திங்கட்கிழமை அவள் மறுபடியும் ஓபலின் கடைக்குப் போனாள். யார் வாய் வழியாகவோ தெரிவதற்கு முன்னால், தானே சொல்லிவிடுவதுதான் முறை. நாற்காலியில் உட்கார்ந்தாள், ஓபல் அவள் கழுத்தில் துணியைக் கட்டினாள். லூவான் கண்ணாடியைப் பார்த்தபடி, அறங்காவலர்கள் அடுத்த வருடம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவார்கள் என்றும், சி பகுதியில்தான் உட்காருவார்கள் என்றும், நாலாவது வரிசையை ரெவரெண்டுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது என்றும் மெதுவாகச் சொன்னாள்.

ஓபல் லூவானின் முடியைச் சீவினாள். கண்ணாடியில் அந்தப் பழைய சிரிப்பு தெரிந்தது, எல்லாப் பற்களோடும்.

"ரொம்ப சந்தோஷம், கண்ணு. நல்ல மனுஷர்" என்றாள். சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கத்தரியை எடுத்தாள், பிறகு சீப்பை எடுத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "அந்தக் குட்டச்சி, என் கையில முடி வெட்டிக்கிறாளே, அவ அடுத்த வருஷமும் ஆடுறாளா?"

"ஆடுறா."

"அப்ப சரி. ஆட்டத்தன்னிக்குக் கூடத்துக் கதவை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"